முக்கோணத்தை இழுத்துப் பார்த்தவர்கள்: இயங்கு வடிவியல் மென்பொருளும் மாணவர் ஆய்வும்

கவராயமும் அளவுகோலும் கொண்டு முக்கோணம் வரைந்து, மூன்று நடுக்கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திப்பதைக் காணும் மாணவருக்கு அடுத்து எழ வேண்டிய கேள்வி, எல்லா முக்கோணத்திலும் இப்படித்தானா என்பது. தாளில் அதைச் சோதிக்க மறுபடி மறுபடி வரைய வேண்டும். பென்சில் தடிப்பில் கோடுகள் சற்று விலகினால், அது கையின் பிழையா வடிவத்தின் இயல்பா என்று சொல்ல வழியில்லை. இந்தத் தடையை நீக்கிய கருவியின் வரலாற்றை மென்பொருள்களின் வரிசையாகவே பெரும்பாலும் எழுதுகிறோம். கேள்வி யார் கையில் இருந்தது என்று பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது.

தொடக்கம் பள்ளியில் இல்லை. 1963இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் தம் முனைவர் பட்டத்துக்காக உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்', ஒளிப்பேனாவால் திரையில் வரைய விட்டது. இரு கோடுகள் இணையாக இருக்க வேண்டும் என்று விதித்தால், படத்தை மாற்றினாலும் அந்த விதியைக் காத்தது. வகுப்பறைக்கு இந்த எண்ணம் வந்து சேர இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

1980களின் நடுவில் ஜூடா ஷ்வார்ட்ஸும் மிகால் யெருஷால்மியும் அமெரிக்காவில் உருவாக்கிய 'ஜியோமெட்ரிக் சப்போசர்', ஒரு முக்கோணத்தில் செய்த வரைமுறையை நினைவில் வைத்து இன்னொரு முக்கோணத்தில் தானே செய்து காட்டும். திரையில் உச்சியைப் பிடித்து இழுக்கும் வசதி இல்லாததால் இதை முன்னோட்டமாக மட்டும் குறிப்பிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். அது நியாயமில்லை என்பது என் கருத்து. மாணவர் அளந்து, ஒப்பிட்டு, தம் ஊகத்தைத் தாமே எழுத வேண்டும் என்ற வகுப்பறை முறை இதைச் சுற்றித்தான் வளர்ந்தது.

இழுத்தல் இரு இடங்களில் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தது. பிரான்சின் கிரனோபிளில் ழான்-மரி லபோர்டின் குழு உருவாக்கிய 'காப்ரி' 1988இல் புடாபெஸ்ட்டில் நடந்த உலகக் கணிதக் கல்வி மாநாட்டில் காட்டப்பட்டது. பிரெஞ்சில் அந்தப் பெயர் 'ஊடாடும் கரட்டுக் குறிப்பேடு' என்பதன் சுருக்கம். அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரித் திட்டமொன்றில் நிக்கலஸ் ஜாக்கிவ் எழுதிய 'ஜியோமீட்டர்ஸ் ஸ்கெட்ச்பேட்' 1991இல் வெளிவந்தது. கண்ணளவில் வரைந்த சதுரத்தின் உச்சியைப் பிடித்து இழுத்தால் அது சிதைந்துவிடும். செங்குத்தும் வட்டமும் கொண்டு அமைத்த சதுரம் எப்படி இழுத்தாலும் சதுரமாகவே நிற்கும். வரைந்த படத்துக்கும் அமைத்த வடிவத்துக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் விரல் நுனியில் உணர்ந்தது இப்படித்தான்.

இதன் பலனை மார்கன் தேற்றத்தில் காணலாம். முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று சமக்கூறாக்கி, பிரிபுள்ளிகளை எதிர் உச்சியோடு இணைத்தால் நடுவில் ஓர் அறுங்கோணம் அமையும். அதன் பரப்பு முக்கோணத்தின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு. மரியன் வால்டரின் பெயரால் வழங்கும் முடிவு இது. 1994ஐ ஒட்டி, மேரிலாந்தின் உயர்நிலைப் பள்ளி மாணவர் மார்கன், மூன்றோடு ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டார். பக்கங்களை ஒற்றைப்படை எண்ணான nஆகக் கூறிட்டு, நடுக்கூறின் இரு முனைகளை மட்டும் இணைத்து, ஜியோமீட்டர்ஸ் ஸ்கெட்ச்பேடில் அளந்து பார்த்தார். n ஐந்தானால் முக்கோணம் அறுங்கோணத்தைப் போல் 28 மடங்கு. பொதுவாக அந்த மடங்கு (9n²−1)/8. பாடநூல் கேட்காத கேள்வி அது. முக்கோணத்தை அவர் எவ்வளவு இழுத்தாலும் விகிதம் அசையவில்லை என்பதே ஊகத்துக்கு உறுதி தந்தது.

திரையே உறுதி தந்துவிட்டால் நிரூபணம் எதற்கு? தென்னாப்பிரிக்கக் கணிதக் கல்வியாளர் மைக்கேல் டி வில்லியர்ஸ் 1990இல் இதை நேராக எதிர்கொண்டார்: உண்மையா என்று உறுதிசெய்வதோடு, ஏன் உண்மை என்று விளக்குவதும் நிரூபணத்தின் பணி. மார்கன் தேற்றத்திலேயே இது விளங்கும். எந்த முக்கோணத்தையும், நேர்கோடுகளை நேர்கோடுகளாகவே வைத்துச் சமபக்க முக்கோணமாக உருமாற்றலாம். அந்த உருமாற்றத்தில் பரப்புகளின் விகிதம் மாறாது. இழுத்தபோது எண் அசையாமல் நின்றதன் காரணம் இதுதான். அறுங்கோணத்தின் ஆறு உச்சிகளும் நடுக்கோடுகளின் மேலேயே அமைவதால், சமபக்க முக்கோணத்தில் கணக்கு சில வரிகளில் முடிந்துவிடும்.

சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் 2001-02இல் தொடங்கிய 'ஜியோஜீப்ரா' வடிவியலையும் இயற்கணிதத்தையும் ஒரே திரையில் இணைத்தது. இலவசமாகக் கிடைத்ததால் உலகெங்கும் பரவியது. 2018 முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களின் 'இணையச் செயல்பாடு' பகுதிகளிலும் அதன் பணித்தாள்களுக்கு விரைவுக்குறியீடு உண்டு. இது பெரிய வாய்ப்பு. ஆனால் அவற்றில் பல, முன்பே அமைத்து முடித்தவை. மாணவர் நழுவலை நகர்த்துகிறார். வடிவத்தை அமைத்ததும் கேள்வியைத் தேர்ந்ததும் வேறொருவர். சப்போசர் காலத்து மாணவரிடம் இழுக்கும் வசதி இல்லை, ஊகம் இருந்தது. இங்கே இழுக்கும் வசதி இருக்கிறது, ஊகத்துக்கு இடம் சுருங்கிவிட்டது.

வெற்றுத் திரையிலிருந்தே தொடங்கலாம். மார்கன் தேற்றம் ஒற்றைப்படை எண்களோடு நிற்கிறது. பக்கங்களை நான்காகக் கூறிட்டு, நடுப்புள்ளியை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் எதிர் உச்சியோடு இணைத்தால், முக்கோணம் அறுங்கோணத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதைத் திரை 4.375 என்று காட்டும். முழு எண் இல்லை, 35/8. இரட்டைப்படைக்கு விதி கிடையாது என்று விட்டுவிடத் தோன்றும். ஆறாகக் கூறிட்டு, நடுப்புள்ளிக்கு இருபுறமும் உள்ள புள்ளிகளை எடுத்தால் மீண்டும் 10 வருகிறது.