வீட்டு ஷாம்பு (வடசென்னை)

முடியிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க வீட்டிலேயே செய்துகொள்ளும் நுரைநீர். சீயக்காய், பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கொதிக்கவிட்டு வடிக்கும் சாறு ஒரு வகை. எஸ்.எல்.இ.எஸ். எனப்படும் நுரைப்பசையைத் தண்ணீரில் கரைப்பது இன்னொன்று.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை இதன் தரத்தைத் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்திருப்பது 1969-லேயே கண்டறியப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2010-இல் வந்தது. ஆனால் உப்பும் கடினத்தன்மையும் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று (போர்) தண்ணீரில் சோப்பு திரிந்து, முடியில் வெள்ளைப் பிசுக்காக ஒட்டும். சீயக்காயின் நுரைப்பொருளான சபோனின் அந்த அளவுக்குத் திரிவதில்லை.

எடுத்துவைத்த சீயக்காய்ச் சாறு சற்று நேரத்தில் பிரியும். பிரிந்து நிற்பது சபோனின் அல்ல. அது நீரில் கரைந்தே இருக்கும். அடியில் படிவது நெற்று, விதையின் தூள். பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை வடித்தால் பெரும்பகுதி போய்விடும். மிச்சத்தைத் தாங்க வெந்தயம் போதும். இரவு ஊறவைத்து அரைத்த விழுதிலுள்ள காலக்டோமன்னன் நீரைக் கெட்டியாக்குவதால் தூள் மெதுவாகத்தான் இறங்கும். செம்பருத்தி இலையின் வழவழப்பும் அப்படியே. சோற்றுக் கஞ்சியும் கெட்டியாக்கும், ஆனால் மறுநாளே புளித்துவிடும். தேங்காய் எண்ணெய் சேர்த்தால் எவ்வளவு குலுக்கினாலும் சற்று நேரத்தில் மேலே மிதக்கும், சேர்க்காமலிருப்பதே நல்லது.

நுரைப்பசைக் கரைசலைக் கெட்டியாக்குவது சமையல் உப்பு. அளவு மீறினால் கரைசல் மீண்டும் நீர்த்து, கலங்கி, பிரியும். உப்பான போர் தண்ணீரில் கலக்குபவர் இதை மறக்கக் கூடாது: கொஞ்சம் உப்பு தண்ணீரிலேயே வந்துவிடுகிறது. கொதித்து ஆறிய குடிநீரில் கரைத்து, உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்க்க வேண்டும்.

நுரைக்கும் வேதிப்பொருள் இப்பகுதிக்குப் புதிதல்ல. சலவைத்தூளின் மூலப்பொருளான லீனியர் ஆல்க்கைல் பென்சீனை மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலை செய்கிறது. வீட்டுத் தயாரிப்பை ஓரங்கட்டியது சாஷே எனும் சிறு பொட்டலம். கடலூர் சின்னிகிருஷ்ணனின் வெல்வெட், அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய சிக் இரண்டும் ஷாம்பூவைப் பெட்டிக்கடைச் சரமாக்கின.

பிரிவதைவிடப் பெரிய தொல்லை கெட்டுப்போவது. மூலிகைச் சாறு குளிர்பதனப் பெட்டியிலும் சில நாள்தான் தாங்கும். எலுமிச்சைச் சாறு அதைக் காக்காது. சோடியம் பென்சோயேட் என்னும் பதப்பொருளும், கரைசல் அமிலமாக இருந்தால்தான் வேலை செய்யும். குமிழியோ புளித்த வாடையோ வந்தால் கொட்டிவிட வேண்டும். வெயிலில் காயவைத்து மில்லில் அரைத்த சீயக்காய்ப் பொடியை ஈரம் படாமல் வைத்து, குளிக்கும்போது மட்டும் கரைப்பதே இன்றும் சிறந்த முறை.