குடிவழி ஆவணங்களும் ஊர்முறை வைப்பும்: தென்னேரியை முன்னிட்டு ஓர் ஆய்வு

வேந்தர் குடிவழியை ஆராய்வார்க்குச் செப்பேடுகள் உள. திருவாலங்காட்டுச் செப்பேடு சோழர் மரபினைக் கதிரவன் தொட்டு எண்ணிச் செல்கின்றது. பல்லவர் செப்பேடுகளும் பழங்கதை முன்னோரிலிருந்தே தொடங்குவன. உழவர், நெசவாளர், தச்சர் ஆகியோர் தம் முன்னோரை அறிய விரும்பின் அவர்க்கு அத்தகைய ஏடு இல்லை. அவர்தம் பெயர்கள் நிலக்கணக்குகளிலும் கப்பற் பதிவுகளிலும் திருமணப் பதிவேடுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. இவற்றைத் திரட்டி இணையத்தளங்களில் ஏற்றி, யாவரும் தேடிக் காணுமாறு செய்யும் பணியை ஊதியம் கருதாத தொண்டர்கள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகப் பல நாடுகளில் ஆற்றி வருகின்றனர். அப்பணியைத் தமிழ்நாட்டு ஊரொன்றுக்குச் செய்யப் புகுவார் எதனை முதலாகக் கொண்டு ஆவணங்களை அடுக்கல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

மேலைநாட்டார் தேடுமுறை குடும்பப்பெயரை முதலாகக் கொண்டது. தமிழருள் பெரும்பாலார்க்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன் நிற்கும். அதுவும் தலைமுறைதோறும் மாறும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் இதனினும் பெரிய இடர்ப்பாடு தருவது. 'பெயரன்' என்னும் சொல்லே இவ்வழக்கத்திற்குச் சான்று. முத்துசாமி மகன் ஆறுமுகம். அவன் மகன் முத்துசாமி. அவன் மகன் மீண்டும் ஆறுமுகம். ஏடுகளில் இருவேறு காலத்து ஆறுமுகங்களும் 'முத்துசாமி மகன் ஆறுமுகம்' என ஒரே வடிவில் நிற்பர். பெயரும் தந்தை பெயரும் ஒத்தன என்று கொண்டு இருவரையும் ஒருவராக்கினால் இரண்டு தலைமுறை மறைந்துபோம். ஆகலின் பெயர் இரண்டும் போதா. ஊரும் ஆண்டும் உடன் வேண்டும். நிலம் உடையார்க்குப் புல எண்ணும் துணையாகும்.

ஊரை முதலாகக் கொள்ளுதல் நம் நாட்டிற்குப் புதியதன்று. காஞ்சிபுரத்திற்குத் தெற்கே உள்ள உத்திரமேரூரில் முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறுவன என்பது யாவரும் அறிந்தது. அக்கல்வெட்டின் ஒரு பகுதியை வரலாற்றாசிரியர் அத்துணை விரித்துப் பேசுவதில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமேயன்றி, அவன் தாயுடன் பிறந்தாள் மக்கள், அத்தை மக்கள், மாமன் முதலான உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்பது அவ்விதி. இவ்விதி நடைமுறையில் நிற்க வேண்டுமாயின் ஒவ்வொருவர்க்கும் தாய்வழியிலும் தந்தைவழியிலும் உள்ள உறவை ஊரவை அறிந்திருத்தல் வேண்டும். ஊரின் முப்பது குடும்புகளும் அவ்வறிவுக்கு எல்லைகளாய் உதவின எனல் தகும். சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தமசோழன் செப்பேடும் காஞ்சியின் கோயிற் காரியம் பார்த்த பட்டசாலிகள் என்னும் நெசவாளரை அவர் வாழ்ந்த நான்கு குடியிருப்புகளைச் சுட்டியே கூறுகின்றது. குடியை அறிதற்கு இடமே வாயில் என்பது இவற்றாற் போதரும்.

வடநாட்டில் அரித்துவாரத்துப் பண்டாக்களின் ஏடுகள் இம்முறையின் நிறைந்த எடுத்துக்காட்டு. நீராட வருவோரை அவர் முதலில் வினவுவது முன்னோர் ஊர் யாது என்பதே. அதன் பின்னரே சாதியும் குடும்பமும். ஊர் தெரிந்தால் அவ்வூர்க்குரிய பண்டா இன்னார் என்பது தெரியும். அவர் தம் நீண்ட ஏட்டினைப் புரட்டிப் பல தலைமுறைப் பெயர்களைக் காட்டுவர். இவ்வேடுகளுட் பலவற்றை அமெரிக்க நாட்டு யூட்டா குடிவழிக் கழகம் நுண்படமாக எடுத்தது. அந்நாட்டிலேயே 1996ஆம் ஆண்டில் கென்டக்கி மாநிலத்தில் தோன்றிய 'யூஎஸ்ஜென்வெப்' என்னும் தொண்டர் முயற்சியும் குடும்பப்பெயரை விடுத்து மாவட்டத்தையே அலகாகக் கொண்டது: ஒரு மாவட்டத்திற்கு ஒரு தளம், அதற்கு ஒரு பொறுப்பாளர். குடும்பப்பெயர் உடைய மக்களே இடத்தை முதலாகக் கொண்டனர் எனின், அஃதில்லாத நாம் வேறு கருத வேண்டுவதில்லை.

இனி, தென்னேரியை நோக்குவாம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாலாசாபாத்தை அடுத்துப் பேரேரியின் கரையில் அமைந்தது இவ்வூர். தொண்டைமான் இளந்திரையன் பெயரால் திரையனேரி எனப்பெற்றுப் பின் தென்னேரி ஆயிற்று என்பர். சோழர் கல்வெட்டுகளில் உத்தமசோழச் சதுர்வேதிமங்கலம் எனப்படுவதும் இதுவே. ஓர் ஊர்க்கு இத்தனை பெயர் எனின், ஒரு பெயரால் தேடுவார்க்கு ஏனைய பெயரில் உள்ள ஆவணங்கள் அகப்படா என்பது வெளிப்படை.

ஊர்ப்பெயரினும் மாவட்டப் பெயர் மிகுதியும் மயக்குவது. 1763இல் ஆர்க்காட்டு நவாபு கும்பினியார்க்கு அளித்த சாகீர்ப் பகுதியே பின்னர்ச் செங்கற்பட்டு மாவட்டமாயிற்று. 1997இல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாயிற்று. 2019இல் காஞ்சிபுரத்தினின்றும் செங்கற்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. விளைவு யாதெனின், 'காஞ்சிபுரம் மாவட்டம்' என்று தேடுவார்க்கு 1997க்கு முற்பட்ட ஏடு ஒன்றும் கிட்டாது. பழைய ஏட்டில் 'செங்கற்பட்டு' எனக் கண்டு இன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துள் தேடுவார் தென்னேரியை ஒருநாளும் காணார்.

இம்மயக்கம் கடல் கடந்தாரையே பெரிதும் தாக்குகின்றது. 1860 நவம்பர் 16ஆம் நாள் 'துரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றித் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையை அடைந்தது. 1911 வரை அங்குச் சென்றவர் 152,184 பேர் என்பது கணக்கு. அவருள் ஏறத்தாழ மூன்றில் இருபங்கினர் சென்னைத் துறைமுகம் வழியே சென்றவர். கப்பற் பதிவேடு ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் இட்டு, பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், வட்டம், ஊர் எனக் குறித்தது. வரலாற்றாசிரியர் ஜாய் பிரெயின் முயற்சியால் இப்பதிவுகள் கணிப்பொறியில் ஏற்றப்பெற்று இன்று இணையத்தில் உள்ளன. டர்பனில் வாழும் ஐந்தாம் தலைமுறையார் ஒருவர்க்குத் தம் முன்னோர் பற்றி எஞ்சியிருப்பது பலகால் அவ்வொரு வரியே. அதில் உள்ள மாவட்டப் பெயரை இன்றைய நிலப்படத்தோடு ஒட்டிக் காட்டுவார் இல்லையெனின் அவ்வரியும் பயன்படாது போகும்.

ஒலிபெயர்ப்பும் இடர் செய்வதே. எழுதியவர் தமிழறியா எழுத்தர், கேட்டவாறு எழுதினர். சின்னசாமி என்னும் பெயர் ஆங்கிலத்தில் ஒருகால் 'சி' எழுத்திலும் ஒருகால் 'எஸ்' எழுத்திலும் தொடங்கும். ஒலி ஒத்த பெயர்களை ஒருங்கு காட்டுதற்கு 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற 'சவுண்டெக்சு' முறை முதலெழுத்தை அவ்வாறே வைத்துக்கொள்வது. எனவே இரண்டு சின்னசாமிகளும் வேறு வேறு ஆவர். பழனி என்னும் பெயரில் ழகரத்தை ஒருவர் 'எல்' எழுத்தாலும் மற்றொருவர் 'இசட்-எச்' எழுத்துகளாலும் எழுதின், ஆண்டும் குறியீடு வேறுபடும். தமிழ்ப்பெயரைத் தமிழ் எழுத்தில் ஒரு வடிவிற் கொண்டு, ஏட்டில் உள்ள ஆங்கில வடிவங்கள் அனைத்தையும் திருத்தாது அதன்கீழ் வைத்தலே தக்கது. ஏட்டில் உள்ளதைத் திருத்தி ஏற்றுவார் தேடுவார்க்குரிய சான்றினையே அழிக்கின்றனர்.

ஊர் ஒன்றைத் தெளிந்த பின் துணைசெய்யும் ஏடுகள் பல. தாமசு பர்னார்டு 1767 முதல் 1774 வரை சாகீரில் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து, ஊர்தோறும் எத்தொழிலார்க்கு எத்தனை வீடு எனக் குறிப்பித்தார். இது பெயர்ப்பட்டியன்று, எனினும் ஓர் ஊரில் நெசவாளர் வீடு அக்காலத்தே இருந்ததா என்பதை அறிய உதவும். மிராசு உரிமை பற்றி எல்லிசு எழுதி 1818இல் அச்சான விடைகள் பங்குகள் வழிவழியாக இறங்கிய முறையை விளக்குவன. பிறப்பு, இறப்புப் பதிவு நாடு முழுமைக்கும் ஒரு சட்டத்தின்கீழ் வந்தது 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால். ஊர்க்கணக்கு வைத்த பரம்பரைக் கர்ணம் பதவி 1980இல் ஒழிந்தது. கர்ணம் வழியினர் இல்லங்களில் ஏடுகள் எஞ்சியிருப்பின் அவற்றைப் படமெடுத்தலே தொண்டர்தம் முதற்பணியாதல் வேண்டும். அரசு ஆவணக் களரியில் உள்ளவை காத்திருக்கும், பரண்மேல் உள்ளவை காத்திரா. வாழ்வார் விவரங்களை ஏற்றாதிருத்தல் தொண்டர் தளங்களில் நல்வழக்கம். சாதிப் பெயர்கள் நிறைந்த நம் ஏடுகளுக்கு அது கட்டாயமும் ஆகும்.

ஊர்முறை வைப்பிற்கு ஒரு தடை எழுப்பலாம்; அது வலியதே. மணமான பெண் பிறந்த ஊரை நீங்கிப் புக்க ஊரை அடைகின்றாள். தந்தை பெயரின் எழுத்து நீங்கிக் கணவன் பெயரின் எழுத்து ஏறுகின்றது. ஊரை மட்டும் பற்றி அடுக்கினால் மகளிர் இரண்டு ஊரிலும் காணாமற் போவர். உத்திரமேரூர் அவை அறிந்திருந்த தாய்வழி உறவு நம் தளத்தில் அறுபடும். எனவே ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் பிறந்த ஊரின் கீழ் ஒருமுறையும் புக்க ஊரின் கீழ் ஒருமுறையும் பதிந்து, ஒன்றினின்று மற்றொன்றுக்கு வழிகாட்டல் வேண்டும். வேலை இருமடங்காகும் என்பது மெய்யே. நேட்டால் கப்பலில் ஏறிய பெண்டிர்க்கோ தனித்தனி எண் இருந்தது; கூலிக் கணக்கிற்காக இட்ட அவ்வெண்ணால் அவர்கள் இன்றும் தம் பெயராலேயே அப்பதிவில் நிற்கின்றனர்.