அழலும் சோர்வும்

பத்தாண்டுகளுக்கு முன்பு என்னிடம் இளங்கலை பயின்ற மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு வீட்டுக்கு வந்திருந்தார். மனச்சோர்வு நோய்க்காக எட்டு மாதமாக மாத்திரை உண்டு வருபவர். பேச்சினிடையே, "சார், சர்க்கரை நோய்க்கு இருக்கிற மாதிரி இதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாதா? ஒரு தாளில் எண்ணைக் காட்டினால் அப்பா நம்பிவிடுவார்" என்றார். தமிழ் இலக்கியம் படித்தவனிடம் கேட்கத்தக்க கேள்வி அன்று. ஆயினும் கேட்டவரின் முகம் நினைவை விட்டு அகலாததால் தேடிப் படிக்கலானேன். அதில் வரலாறாக எனக்குப் புலப்பட்டதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொற்களைப் பார்த்துவிடலாம். என் தொழில் அது. நம் நாளிதழ்கள் 'மன அழுத்தம்' என்று எழுதுவது பல வேளைகளில் இந்த நோயைத்தான். அழுத்தம் வேறு, சோர்வு வேறு. இரண்டையும் ஒன்றாக்கிய குழப்பத்திலிருந்துதான் 'நாலு நாள் ஊருக்குப் போய்விட்டு வா, சரியாகிவிடும்' என்ற அறிவுரை பிறக்கிறது. பழைய கிரேக்க மருத்துவம் இந்நோயைக் கரும்பித்தத்தின் மிகுதி என்றது. மெலன்கோலி என்ற சொல்லின் பொருளே அதுதான். நம்மிடமும் பித்தம், பித்து, பித்தன் என்ற சொற்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. அழற்சி என்ற சொல்லும் கவனிக்கத் தக்கது. அழல் என்றால் நெருப்பு. இதற்கு ஈடான லத்தீன் சொல்லும் தீ மூட்டுதலையே குறிக்கிறது. சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி என்று அதன் நான்கு அடையாளங்களை கி.பி. முதல் நூற்றாண்டிலேயே உரோமாபுரியின் செல்சஸ் எழுதி வைத்தார். இந்த நெருப்புக்கும் அந்தச் சோர்வுக்கும் உறவு உண்டா என்பதுதான் மருத்துவர்கள் சுமார் முப்பது, நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி.

மனச்சோர்வுக்கான மருந்து மனநலக் கூடத்தில் பிறக்கவில்லை. காசநோய் விடுதியில் பிறந்தது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானிய ராக்கெட்டுகளுக்கு எரிபொருளாகப் பயன்பட்ட ஹைட்ரசீன் என்ற வேதிப்பொருள் போருக்குப் பின் மலிந்து கிடந்தது. அதிலிருந்து மருந்து நிறுவனங்கள் சில சேர்மங்களைச் செய்து பார்த்தன. அவற்றுள் ஒன்று இப்ரோனியாசிட். 1950களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் உள்ள சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு அதைக் கொடுத்தபோது, நாள்தோறும் சாவை எதிர்நோக்கிக் கிடந்தவர்கள் எழுந்து நடமாடினர், பசிக்கிறது என்றனர். நோயாளிகள் நடைக்கூடத்தில் நடனமாடுவதாகப் பத்திரிகைகள் எழுதின. நுரையீரலுக்கென்று கொடுத்த மருந்து உள்ளத்தையும் எட்டியிருந்தது.

இக்கதையில் 1957 ஒரு விசித்திரமான ஆண்டு. அவ்வாண்டில்தான் அமெரிக்காவின் நேதன் கிளைன் இப்ரோனியாசிட் மனச்சோர்வுக்கு உதவுவதாக அறிவித்தார். அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் மூன்ஸ்டர்லிங்கன் என்ற ஏரிக்கரை ஊரின் மருத்துவர் ரோலண்ட் கூன் இமிப்பிரமீன் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அதே ஆண்டில் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மான் இருவரும், வைரஸ் தாக்கும்போது உடல் சுரக்கும் ஒரு பொருளைக் கண்டு இன்டர்ஃபெரான் என்று பெயரிட்டனர். முன்னிரண்டும் இந்த மூன்றாவதும் தம்முள் தொடர்புடையவை என்று அன்று எவரும் நினைத்திருக்க வழியில்லை. இப்ரோனியாசிட் ஈரலைக் கெடுக்கிறது என்று தெரிந்து சில ஆண்டுகளிலேயே அமெரிக்காவில் கைவிடப்பட்டது. ஆய்வு மூளையின் செரோட்டோனின் முதலிய வேதிப்பொருள்களின் பக்கம் சென்றது.

பின்னர் இன்டர்ஃபெரான் ஹெப்படைட்டிஸ்-சி நோய்க்கும் ஒருவகைத் தோல் புற்றுநோய்க்கும் மருந்தாயிற்று. அதைப் பெற்றவர்களில் பலர் கடும் மனச்சோர்வில் வீழ்ந்தனர். 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வை நான் இருமுறை படித்தேன். புற்றுநோய்க்கு அதிக அளவில் இன்டர்ஃபெரான் பெறவிருந்த 40 பேரில் ஒரு பகுதியினருக்கு முன்கூட்டியே பாராக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்தும், ஏனையோருக்குப் போலி மாத்திரையும் தரப்பட்டன. போலி மாத்திரை உண்டவர்களில் 45 விழுக்காட்டினர் மனச்சோர்வுக்கு ஆளாயினர்; மருந்து உண்டவர்களில் 11 விழுக்காட்டினரே. உடலின் காவற்படை எழுப்பும் செய்தி ஒன்று உள்ளத்தைச் சாய்க்கிறது, அச்சாய்வை ஒரு மாத்திரை தடுக்கவும் செய்கிறது. இதனினும் தெளிவான சான்றை நான் காணவில்லை. காய்ச்சலில் கிடக்கும் நாயும் ஆடும் உணவை வெறுத்து மூலையில் ஒதுங்குவதை நாம் கண்டிருக்கிறோம். அது நோயின் பலவீனமன்று, உடல் தன் ஆற்றலைச் சேமிக்கும் வழி என்று 1988இல் கால்நடை அறிஞர் பெஞ்சமின் ஹார்ட் எழுதியதும் இங்கே பொருந்துகிறது.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். சி.ஆர்.பி. என்னும் புரதம் 1930இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிலையத்தில் நிமோனியா நோயாளிகளின் குருதியில் கண்டறியப்பட்டது. உடலில் அழற்சி எழும்போது அது உயரும். மனச்சோர்வு உள்ளோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டுகிறது என்று 2019இல் ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. உடற்பருமனும் புகைப்பழக்கமும் அதை உயர்த்தும் என்பதையும் மறக்கலாகாது. மருந்து உண்டால் இந்த அடையாளங்கள் இறங்குகின்றனவா? இன்டர்லூக்கின்-6 என்ற மற்றோர் அடையாளம் இறங்குகிறது. ஆனால் குணமானவர், குணமாகாதவர் இருவரிடத்தும் இறங்குகிறது என்றது 2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வு. எண் தாழ்ந்தது, துயர் தாழவில்லை. இதை என்னவென்பது?

அழற்சியையே நேரடியாக அடக்கினால் என்ன என்றும் பார்த்தார்கள். மூட்டழற்சிக்குத் தரப்படும் இன்ஃப்ளிக்சிமாப் என்ற ஊசிமருந்தை, மாத்திரைகளுக்கு மசியாத மனச்சோர்வுள்ள 60 பேரைக் கொண்டு அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தார் சோதித்தனர். 2013இல் முடிவு வந்தது. மொத்தத்தில் போலி ஊசியைவிட அது சிறக்கவில்லை. சி.ஆர்.பி. 5க்கு மேல் இருந்தவர்களிடம் மட்டும் பயன் தரும் அறிகுறி தெரிந்தது. குறைவாக இருந்தவர்களிடம் போலி ஊசியே மேலாயிற்று. மறு ஆண்டில் ஐரோப்பிய ஆய்வொன்று, சி.ஆர்.பி. 1க்குக் கீழ் உள்ளோர்க்கு எஸிட்டலோபிராமும், அதற்கு மேல் உள்ளோர்க்கு நார்ட்ரிப்டிலீன் என்ற பழைய மருந்தும் கூடுதலாக உதவியதைக் காட்டியது. ஒரே பெயரில் நாம் அழைப்பது ஒரே நோய்தானா என்ற ஐயம் எனக்கு இங்கேதான் வலுத்தது.

அண்மையில் மாணவரிடம் தொலைபேசியில் இவற்றைச் சொன்னேன். சி.ஆர்.பி. பரிசோதனையை எந்த ஆய்வகத்திலும் செய்துகொள்ளலாம். ஆனால் மனச்சோர்வை உறுதிசெய்யும் பரிசோதனை அது அன்று. மேலும் நான்கில் மூவரைப் போல அவருக்கும் எண் 3க்குள் வந்துவிட்டால், 'உனக்கு ஒன்றுமில்லை' என்பதற்கு அப்பா அந்தத் தாளையே எடுத்துக்காட்டுவார் அல்லவா என்றேன்.

சற்று நேரம் பேச்சில்லை. "அப்போ எடுக்காமல் இருப்பதே நல்லது சார்" என்று சிரித்தார். மாத்திரையைத் தொடர்கிறாராம். அப்பா இன்னும் நம்பவில்லை; ஆனால் மாதாமாதம் மருந்துக்கடைக்குப் போய் வாங்கி வருபவர் அவர்தானாம்.