தாறுமாறான அதிர்வுக்கு ஒரு கணக்கு

ஊஞ்சல் அடுத்த நொடி எங்கே இருக்கும் என்று சொல்லிவிடலாம். மேடு பள்ளமான ரோட்டில் ஓடும் டவுன் பஸ் அடுத்த நொடி எப்படிக் குலுங்கும் என்று சொல்ல முடியுமா? இந்தத் தாறுமாறான குலுக்கலுக்குத்தான் ராண்டம் வைப்ரேஷன் என்று பெயர். இதற்குக் கணக்கு வந்த கதையை நம் மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

1930இல் நார்பர்ட் வீனர் இதற்கு அஸ்திவாரம் போட்டார். 1944-45இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த எஸ்.ஓ. ரைஸ் மின் இரைச்சலின் கணிதத்தை விரிவாக எழுதினார். அடுத்த நொடி என்ன நடக்கும் என்று கேட்காமல், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று கேட்க வேண்டும். சாரம் அவ்வளவுதான்.

பிறகு ஜெட் விமானம் வந்தது. எஞ்சின் இரைச்சலே உலோகத் தகட்டை ஆட்டி ஆட்டி விரிசல் விழவைத்தது. 1954இல் ஜான் மைல்ஸ் இதை ஆராய்ந்து எழுதினார்; அவர் பெயரால் ஒரு சூத்திரம் இன்றும் வழங்குகிறது. 1958இல் எம்.ஐ.டி.யில் ஸ்டீபன் கிராண்டல் இதற்கென்றே கோடைக்கால வகுப்பு நடத்தினார். 1960களில் நாசா 'நாஸ்ட்ரான்' மென்பொருளை உருவாக்கியது. 1970இல் ஜான் ஸ்வான்சன், 'ஆன்சிஸ்' தந்த கம்பெனியைத் தொடங்கினார். காகிதக் கணக்கு கம்ப்யூட்டருக்குள் போனது.

இன்றும் வரிசை அதேதான். முதலில் மோடல் அனாலிசிஸ். உள்ளீடு 2000 ஹெர்ட்ஸ் வரை என்றால், மோடுகளைச் சுமார் 3000 வரை எடுப்பது வழக்கம். அடுத்து டேம்பிங். அப்புறம்தான் பி.எஸ்.டி. வளைவு. அதன் யூனிட் 'ஜி ஸ்கொயர் பர் ஹெர்ட்ஸ்'. மீட்டர் கணக்குக்கு மாற்றும்போது 9.81ஆல் அல்ல, அதன் வர்க்கமான 96.2ஆல் பெருக்கணும்.

தம்பி தங்கைகளே, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மென்பொருள் பொதுவாகத் தருவது 1 சிக்மா விடை. உச்ச அளவு அல்ல. நூற்றில் சுமார் 32 பங்கு நேரம் உண்மையான அதிர்வு அதைத் தாண்டும். அந்த எண்ணை வைத்து 'பாஸ்' என்று எழுதிவிட்டால், ராக்கெட்டில் போகும் பெட்டியை யார் மேலே போய் ரிப்பேர் பண்ணுவது? அதனால்தான் 3 சிக்மா பார்க்கிறோம்.

சரிபார்க்க மைல்ஸ் சூத்திரம் கைகொடுக்கும். பையின் பாதி, இயல் அதிர்வெண், கியூ, பி.எஸ்.டி. நான்கையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 100 ஹெர்ட்ஸ், கியூ 10, பி.எஸ்.டி. 0.04 என்றால் சுமார் 7.9 ஜி, மும்மடங்கு சுமார் 24 ஜி. ஒரே மோடு ஓங்கி நிற்கும் அமைப்பில், மென்பொருள் விடை இதன் பக்கத்தில்கூட வரவில்லையா? ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதீங்க, உள்ளீட்டை மறுபடி பாருங்க.

சந்தேகம் இருந்தால் சந்திப்பு நாளன்று மெக்கானிக்கல் பிளாக் பக்கம் வாங்க, உட்கார்ந்து பேசலாம்.