கழுவாய் தேடிய இளையோர்

குற்றம் புரிந்தவன் கழுவாய் தேடுவது உலக இயல்பு. குற்றம் நிகழ்ந்த நாளில் பிறந்தேயிராத ஒருவன் அதற்குக் கழுவாய் தேடலாமா? தேடினால் அதற்குப் பொருள் உண்டா? இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பிய இளையோர் பலர் இவ்வினாவுக்கு உடலுழைப்பால் விடை காண முற்பட்டனர். அவ்வரலாற்றைச் சுருங்க எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாஜி ஆட்சியில் கொல்லப்பட்ட யூதர் ஏறத்தாழ 60 இலட்சம் பேர். போலந்து மண்ணில் அமைந்த ஆஷ்விட்ஸ் முகாமில் மட்டும் சுமார் 11 இலட்சம் பேர் மடிந்தனர். அவர்களுள் பத்து இலட்சத்தினர் யூதர். 1945 ஜனவரி 27ஆம் நாள் சோவியத் படை அம்முகாமை விடுவித்தது. போருக்குப் பின் ஜெர்மானியக் குடும்பங்கள் பலவற்றில் இது குறித்துப் பேச்சே எழவில்லை. தந்தையர் பேசவில்லை, மைந்தர் கேட்கவில்லை.

நீதிபதி ஒருவரின் மனச்சான்று

இம்மௌனத்தைக் கலைக்க முனைந்தவர்களுள் தலையாயவர் லோதர் கிரைசிக். பிராண்டன்பர்க் நகரில் நீதிபதியாக இருந்த இவர், மனநலங்குன்றியோரை நாஜி அரசு மறைவாகக் கொன்று வருவதை 1940இல் உணர்ந்தார். நீதி அமைச்சருக்கு எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவித்தார். பொறுப்பாளர்மீது கொலைக்குற்றமும் சாட்டினார். ஹிட்லரின் கையொப்பமிட்ட ஆணையைக் காட்டியபோதும் அதனைச் சட்டமென ஏற்க மறுத்தார். பதவியை இழந்தார். தம் பண்ணையில் யூதப் பெண்கள் இருவருக்குப் புகலிடமும் அளித்தார்.

இத்தகையவர் தமக்குக் குற்றத்தில் பங்கில்லை என்று ஒதுங்கியிருக்கலாம். ஆனால் 1958 ஏப்ரல் 30ஆம் நாள், பெர்லினில் கூடிய சீர்திருத்தத் திருச்சபைப் பேரவையில் அவர் விடுத்த அழைப்பின் உட்பொருள் வேறு. கொலையை விரும்பாதவர்களும் அதனைத் தடுக்கப் போதிய அளவு முயலவில்லை. ஆகவே துன்புற்ற நாட்டினர் தங்கள் நாடுகளில் நற்பணி செய்ய எங்களை அனுமதிக்க வேண்டும் என்பதே அது. இயக்கத்தின் பெயரிலேயே 'சூனெ' என்னும் ஜெர்மன் சொல் இடம்பெற்றது. நம் பழந்தமிழ்ச் சொல்லான கழுவாய் இதற்கு நன்கு பொருந்தும். நல்லிணக்கம் என்று பெயரிடாமை கருதத்தக்கது. நல்லிணக்கத்தை வழங்க வல்லவர் துன்புற்றவரே. துன்புறுத்திய தரப்பார் அதனைத் தாமே அறிவித்துக் கொள்ளல் இயலாது.

செங்கல்லும் மண்வெட்டியும்

முதற்பணிகள் 1959இல் நார்வேயிலும் நெதர்லாந்திலும் தொடங்கின. நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க் பகுதியைப் பின்வாங்கிய ஜெர்மன் படை 1944இல் தீக்கிரையாக்கியிருந்தது. அங்கே கோக்கெல்வ் என்னும் ஊரில் ஜெர்மானிய இளையோர் தேவாலயம் ஒன்றைக் கட்டினர். 1940 நவம்பரில் ஜெர்மன் விமானங்கள் தகர்த்த இங்கிலாந்தின் கோவென்ட்ரி பேராலய இடிபாடுகளுக்கிடையே 1961இல் பன்னாட்டு மையம் அமைக்க உழைத்தனர். ஐக்மன் மீதான வழக்கு ஜெருசலேமில் நடந்த அதே 1961இல் இஸ்ரேலின் கிப்புட்ஸ் ஒன்றிலும் கால்வைத்தனர். மேற்கு ஜெர்மனிக்கும் இஸ்ரேலுக்கும் தூதரக உறவு ஏற்பட்டதோ 1965இல்தான் என்பது நினைவுகூரத்தக்கது.

1961 ஆகஸ்டில் எழுந்த பெர்லின் மதில் இவ்வியக்கத்தையும் இரண்டாகப் பிளந்தது. கிழக்கு ஜெர்மனியில் நீண்டகால அயல்நாட்டுப் பணிக்கு வழியில்லை. எனவே அங்குள்ளோர் 1962 முதல் கோடை முகாம்களை நடத்தலாயினர். விடுமுறையில் இரு வாரங்கள் ஒன்றுகூடி, பராமரிப்பாரற்ற யூதக் கல்லறைகளைச் செப்பனிட்டனர். 1965இல் சிலர் போலந்துக்குச் சென்று, ஆஷ்விட்ஸில் தங்கிப் பணியாற்றினர். பின்வந்த குழுக்கள் பிர்க்கனௌவில் மண்மூடிக் கிடந்த இடிபாடுகளை அகழ்ந்தன. ஆஷ்விட்ஸ் அமைந்த ஊரிலேயே பன்னாட்டு இளைஞர் சந்திப்பகம் 1986இல் திறக்கப்பட்டது. பிளவுண்ட இரு கிளைகளும் 1991இல் மீண்டும் இணைந்தன.

ஆவணங்களின் நடுவே

ஆஸ்திரியா நெடுங்காலம் தன்னை ஹிட்லரின் முதற்பலி என்றே சொல்லி வந்தது. ஜெர்மானிய இயக்கத்தின் வழியாக ஆஷ்விட்ஸில் பணியாற்றியவரும் இன்ஸ்பிரூக் நகர அரசியலறிஞருமான ஆண்ட்ரியாஸ் மைஸ்லிங்கர், ஆஸ்திரிய இளைஞர்க்கும் அத்தகைய வாய்ப்பு வேண்டுமென ஆண்டுக்கணக்கில் வாதாடினார். 1991இல் அந்நாட்டுப் பிரதமர் ஃபிரான்ஸ் விரானிட்ஸ்கி தம் மக்களின் பங்கினை நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். கட்டாயப் படைப்பணிக்கு மாற்றாக 'நினைவுப் பணி' செய்யச் சட்டமும் இடமளித்தது. 1992 செப்டம்பரில் முதல் இளைஞர் ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகத்திற்குச் சென்றார்.

இதற்குள் பணியின் இயல்பும் மாறியிருந்தது. கட்டடம் எழுப்புவது குறைந்து, கல்வியும் ஆவணமும் முதன்மை பெற்றன. 1993இல் வாஷிங்டனில் திறக்கப்பட்ட ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம் போன்ற இடங்களில் இன்று மாணவர்கள் கோடை விடுமுறையில் பயிற்சி பெறுகின்றனர். கடிதங்களை அட்டவணைப்படுத்துதல், உயிர் தப்பியோரின் ஒலிப்பதிவை எழுத்தாக்குதல், பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டுதல் ஆகியவை இத்தகைய மையங்களில் நடைபெறும் பணிகள். ஜெர்மானிய இளைஞனுக்கு இதில் ஓர் இடர் உண்டு. 1941இல் பள்ளிகளில் கைவிடப்பட்ட பழைய கையெழுத்து முறையை அவன் அறியான். தன் தாய்மொழியில் எழுதப்பட்ட மடலைப் படிக்க, எழுத்துக்கூட்டிக் கற்க வேண்டியவனாகிறான். பாட்டனார் சொல்லாமல் விட்டதை அவர் கைப்பட்ட எழுத்துமுறை வழியே அறிகிறான்.

ஆஷ்விட்ஸ் காட்சிக்கூடத்தில் ஏறத்தாழ 1,10,000 காலணிகள் குவிந்துள்ளன. அவை நாளும் நைந்து வருகின்றன. உயிர் தப்பியோரும் ஒருவர்பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். அவர்களிடம் நேரில் கேட்ட கடைசித் தலைமுறை இவ்விளையோரே.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். இவர்களின் உழைப்பு இறந்தவரை மீட்டதில்லை, பழியைத் துடைத்ததுமில்லை. இவர்களுள் எவரும் குற்றவாளியும் அல்லர். ஆயினும், மன்னிப்பை உரிமையாகக் கோராது, பணிசெய்ய அனுமதி மட்டுமே வேண்டி அயலார் வாயிலில் நின்றனர். அவ்வாறு நிற்கத் துணிந்ததே, நாம் அறிந்தவரை, தந்தையரின் மௌனத்திற்கு மைந்தர் அளித்த நேர்மையான மறுமொழி.