மழை நாளும் கூலிக் கணக்கும்

பனி என்னும் ஒரு சொல்லைக் கொண்டே தமிழர் புல் நுனித் துளியையும் இமயத்து உறைபனியையும் குறித்து வந்துள்ளனர். ஆறு பெரும்பொழுதுகளில் முன்பனி, பின்பனி என இரண்டுக்கு அதன் பெயர். ஆயினும் கதவை அடைத்து, மனிதனை வீட்டுக்குள் இருத்தி, கையிருப்பை எண்ண வைக்கும் பனிப்புயல் நமக்கு வாய்க்கவில்லை. அந்த வேலையை நம் பக்கத்தில் செய்வது அடைமழை. அச்சொல்லிலேயே அடைபட்டுக் கிடத்தலும் ஒலிப்பதாக நமக்குத் தோன்றும். சொல்லாராய்ச்சியாளர் பொறுத்தருள்க.

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கடியில், வத்திராயிருப்பு வட்டாரத்தில், திருவில்லிபுத்தூருக்கு எட்டிய தொலைவில் இருக்கிறது சுந்தரபாண்டியம். பெயரில் பாண்டியன் இருக்க, தெருவில் தறி இருக்கும் ஊர். விருதுநகர் மாவட்டம் மழை வளம் மிக்கதன்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதிலும் பாதியளவு அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் வந்துவிடும். உழவன் ஆண்டு முழுதும் ஏங்கிக் கிடப்பது இந்த மழைக்காக. அதே மழை பக்கத்துத் தெருவில் நெசவாளியின் அடுப்பை அணைக்கும். ஒரே ஊரில் ஒரே மேகத்தைப் பார்த்து ஒருவர் கும்பிடுவதும் மற்றவர் பெருமூச்செறிவதும் நாம் கண்டு வளர்ந்த காட்சி.

மழைக்கும் தறிக்கும் உள்ள பகையைச் சற்று விளக்க வேண்டும். பருத்தி நூலுக்கு ஈரம் வேண்டும். வறண்ட காற்றில் இழை அறும். நெசவாளன் தரையில் குழி தோண்டி, அதில் காலை விட்டு மிதியை மிதிக்கும் குழித்தறியை விரும்பியதற்கு மண்ணின் தண்மையும் ஒரு காரணம். ஆனால் அந்த ஈரம் அளவோடு இருக்க வேண்டும். அடைமழையில் குழியின் பக்கங்களில் நீர் கசியும். சில வீடுகளில் ஊற்றே எடுக்கும். கால் வைக்க இடமிராது. கஞ்சி ஏற்றிய பாவு ஈரக்காற்றை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். இழையோடு இழை ஒட்டும். நாட்கணக்கில் கிடந்தால் பூசணம் பிடிக்கும். குழி வற்றினாலும் துன்பம் தீர்ந்துவிடாது. அடுத்த பாவுக்குத் தெரு வேண்டும். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை விரித்துக் கட்டி, கஞ்சி தடவி, நார்க்குச்சத்தால் இழை பிரித்துக் காயவிடுவதைப் பாவாற்றுதல் என்பர். கடும் வெயில் ஏறுமுன் முடிய வேண்டிய வேலை. அதே வேளையில் ஒரு தூறலும் விழக்கூடாது. ஒரு வீட்டார் மட்டும் செய்வதன்று. அக்கம்பக்கத்தார் கைகொடுக்க வேண்டும். மழை நாளில் தறி ஒருபுறம் நிற்க, தறிக்கு உணவான பாவும் மறுபுறம் நின்றுவிடுகிறது.

நெடுநல்வாடையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இந்நினைவு குறுக்கிடும். நக்கீரர் கூதிர்க்காலத்தை அணு அணுவாகக் காட்டுகிறார். வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டு நிலம் சேர்ந்த இடையர் குளிரில் நடுங்கித் தீக்காய்கின்றனர். சந்தனம் அரைக்கும் கல் பயனின்றிக் கிடக்கிறது. தறி மட்டும் அங்கே கண்ணில் படுவதில்லை. பஞ்சு நூற்கும் பெண்களைப் பிறிதோரிடத்தில், சிறுவிளக்கின் ஒளியில், புறநானூறு காட்டுகிறது. மழையில் நின்ற தறியைப் பாடத் தமிழுக்கு நெடுங்காலம் ஆயிற்று.

பணக் கணக்குக்கு வருவோம். துணிச்சந்தை சூடேறுவது தீபாவளிக்கு முன். தீபாவளி வருவது பெரும்பாலும் ஐப்பசியில். மழை வருவதும் ஐப்பசியில். எந்த வாரத்தில் கூடுதல் சேலை இறக்கினால் கூடுதல் காசு பார்க்கலாமோ, அந்த வாரத்தில் குழியில் தண்ணீர் நிற்கும். பண்டிகை கழிந்தால் விற்பனை தணியும்; பிறகு பொங்கலை நோக்கித்தான் இருக்க வேண்டும். நெசவுக் கூலி நாட்கூலியன்று. துணியை அறுத்து ஒப்படைத்தால்தான் கூலி. தறியில் முக்கால் பங்கு நெய்த சேலை கண்ணெதிரே கிடக்கும், அது காசாகாது. அந்த நாட்களில் முதலாளியிடம் முன்பணம் கேட்பது வழக்கம். முன்பணம் வாங்கினால் அடுத்த பாவும் அவருடையது. கூலியில் ஏற்ற இறக்கம் பேசும் வாய் அடைபடும். மழை ஒரு மாதம் பெய்யும். அதன் கடன் சித்திரை வரை பெய்துகொண்டிருக்கும்.

பக்கத்து இராசபாளையத்தில் 1936-இல் இராமசாமி ராஜா தொடங்கிய நூற்பாலையை இங்கே எண்ணிப் பார்க்கலாம். ஆலைக்கும் ஈரம் வேண்டும். ஆனால் அது தன் ஈரத்தைத் தானே இயந்திரத்தால் உண்டாக்கி அளந்துகொள்கிறது. வெளியே இடியிடித்தாலும் கதிர் சுழலும். அங்கு நூற்ற நூல் கைத்தறிக்கு வந்ததும் வானத்தின் ஆட்சிக்கு உட்படுகிறது. ஆலைக்கும் குடிசைக்கும் உள்ள வேறுபாட்டை முதலீடு, வேகம் என்றெல்லாம் நூல்கள் விரித்துரைக்கும். காற்றின் ஈரத்தை யார் ஆளுகிறார் என்பதும் அவற்றோடு வைத்து எண்ணத்தக்கது.

உண்மையான பனிக்காலத்தில் அகப்பட்ட பஞ்சாலைத் தொழிலாளரையும் வரலாறு அறியும். 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு, அங்கிருந்து பஞ்சு வருவது நின்றதால் இங்கிலாந்தின் லங்காசயர் ஆலைகள் மூடப்பட்டன. 1862 திசம்பரில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் நிவாரணத்தை நம்பியிருந்தனர். சேமிப்பு கரைந்து, போர்வையையும் அடகு வைத்த குளிர்காலம் அது. அதே ஆண்டுகளில் திருநெல்வேலிச் சீமைக் கரிசல் பஞ்சு தூத்துக்குடியில் கப்பலேறி அந்நாட்டுக்குப் போயிற்று. இங்கே பஞ்சு விலை ஏறியது. பயிரிட்டவனும் வணிகனும் காசு கண்டனர். உள்ளூரில் நூல் வாங்கி நெய்தவன் திண்டாடினான். அவர்கள் துயருக்கு அந்நாட்டு நாடாளுமன்றம் 1863-இல் பொதுப்பணிச் சட்டம் ஒன்றை இயற்றி வேலை கொடுத்தது.

நம் நாட்டில் அரசு நெசவாளியைத் திரும்பிப் பார்த்தது தாது ஆண்டுப் பஞ்சத்தில். 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில், சாலை வெட்டும் முகாமுக்கு அனுப்பினால் நெசவாளியின் கை கெட்டுவிடும் என்பது உணரப்பட்டு, அவர் நெய்த துணியை அரசே வாங்கிக்கொள்ளும் முறை சென்னை மாகாணத்தில் கையாளப்பட்டது. கைவினைஞருக்கு அவர் தொழிலிலேயே நிவாரணம் என்னும் கருத்து பின்னர் வந்த பஞ்ச விதிகளிலும் இடம் பெற்றது. நல்ல கருத்துத்தான். ஆயினும் அவ்விதிகள் விழித்துக்கொள்ள மழை பொய்க்க வேண்டும். மழை பெய்வதால் பட்டினி கிடக்கும் ஒருவன் அந்த ஏட்டில் அடங்கமாட்டான். எதிர்பாராத பேரிடருக்கு விதி உண்டு. ஆண்டுதோறும் நாள் குறித்தாற்போல் வரும் இடருக்கு இல்லை. இந்த முரணே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

1935-இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது. கூட்டுறவுச் சங்கங்கள் வழியே நூலும் விற்பனையும் ஓரளவு ஒழுங்குபட்டன. கொரியப் போர்க்கால விலையேற்றம் அடங்கியபின் துணி தேங்கி, 1952-இல் தறிகள் நின்றபோது, முதலமைச்சர் இராசாசி வேட்டி சேலை நெசவைக் கைத்தறிக்கே ஒதுக்கக் கோரினார். ஆலைகளின் வேட்டி உற்பத்தியை 60 விழுக்காட்டளவில் நடுவணரசு கட்டுப்படுத்தியது. 1953-இல் அண்ணாவும் தோழர்களும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றனர். அரசியலில் எதிரெதிர் நின்ற இருவரும் ஒரே துணிக்காகப் பேசிய அரிய காலம். அவ்வாண்டிலேயே தொ. மு. சி. இரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ வெளிவந்தது. நெல்லைச் சீமை நெசவாளரை நடுவில் நிறுத்திய அந்நாவல் செக் மொழி வரை சென்றது. நக்கீரர் காட்டாத தெரு தமிழில் இடம் பெற்றதும் அப்போதுதான்.

கூலியில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து அரசும் ஒரு பங்கு சேர்க்கும் சேமிப்புத் திட்டம் 1975-இல் வந்தது. பொங்கலுக்கு ஏழையர்க்கு இலவச வேட்டி சேலை வழங்கும் திட்டம் 1983-இல் தொடங்கியபோது, தீபாவளிக்குப் பின்வரும் வெறுமையான வாரங்களுக்குச் சங்கத் தறிகளில் வேலை கிடைத்தது. பின்னாளில் அதில் பெரும்பங்கு விசைத்தறிக்குப் போய்விட்டது வேறு கதை. இவை எல்லாவற்றிலும் கூலிச்சீட்டு மட்டும் மாறவில்லை. இத்தனை சேலை, இத்தனை ரூபாய். மழைக்கென்று அதில் ஒரு பத்தி இல்லை.

அப்படியிருந்தும் தெரு எப்படித் தாங்கியது? நம்பிக்கை என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். ஆனால் அது என்ன வேலை செய்தது, யார் செய்தார் என்று கேட்பதே வரலாறு. மழை நாளில் ஆண்கள் திண்ணையில் வானம் பார்த்திருக்க, வீட்டுக்குள் ராட்டை சுழன்றுகொண்டிருக்கும். பெண்களும் முதியவர்களும் சிட்டம் பிரித்துத் தார் சுற்றுவர். அறுந்த விழுதைக் கட்டுவர். துருவேறாமல் அச்சைத் துடைத்து எண்ணெய் தடவுவர். கடன் சொல்லி வாங்கிய அரிசியில் கஞ்சி வடித்து, அதில் பாவுக்கும் கொஞ்சம் எடுத்துவைப்பர். வயிற்றுக்கும் நூலுக்கும் ஒரே கஞ்சி. இந்த வேலை எதற்கும் தனிக் கூலி இல்லை. முடித்த சேலையின் கூலியில் அது அடக்கம் என்பது கணக்கு. வெயில் வரும் என்பதில் ஐயமில்லாதவர் மட்டுமே இப்படி நாட்கணக்கில் தார் சுற்ற முடியும். ஐயம் இருந்தவர்களும் சுற்றினார்கள் என்பதுதான் நாம் பார்த்தது.

இன்று இயந்திரத்தில் சுற்றிய பாவு வருவதால் தெருவை நம்பும் நிலை பல ஊர்களில் குறைந்துவிட்டது. குழி மட்டும் அப்படியே இருக்கிறது. கார்த்திகை கடைசியில் மேகம் விலகும் காலையில், முதல் வேலையாகச் செம்பால் குழி நீரை இறைத்து வாசலில் ஊற்றுவார்கள். பிறகு சாம்பலும் மணலும் தூவி, கால் வைத்துப் பார்ப்பார்கள். ஈரம் பொறுக்கும் அளவுக்கு வந்ததும், பாதியில் நின்ற சேலையின் ஓரத்தில் நாடா மீண்டும் ஓடும். பொங்கலுக்கு அப்போது ஒரு மாதத்துக்குச் சற்று மேல் இருக்கும்.