கடிகாரக்காரர்கள் செய்த தூண்டில்

1932ஆம் வருடம் ஜூன் 2ஆம் தேதி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம். மழை பெய்து நிலமெல்லாம் சேறு. ஏர் ஓட்ட முடியாது. இருபது வயதை ஒட்டிய ஜார்ஜ் பெர்ரி என்ற விவசாயி, வேலை இல்லாத அந்த நாளில் ஒரு நண்பரோடு மாண்ட்கோமரி ஏரிக்கு மீன் பிடிக்கப் போனார். ஏரி என்று பெயர்தானே தவிர, ஆறு தடம் மாறியபோது விட்டுப்போன ஒரு வளைவில் தேங்கிய தண்ணீர்தான் அது. இரண்டு பேருக்கும் சேர்த்து இருந்தது ஒரே ஒரு தூண்டில் கோல், ஒரே ஒரு போலி மீன். மாறி மாறி வீசிக்கொண்டிருந்தார்கள்.

பெர்ரியின் கையில் கோல் இருந்தபோது ஒரு மீன் கடித்தது. முதலில் ஏதோ கட்டையில் மாட்டிக்கொண்டது போல அசையவே இல்லையாம். கரைக்குக் கொண்டுவந்து, பக்கத்து ஊர்க் கடையில் எடை போட்டபோது 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 10.09 கிலோ! ஒரு மீன்பிடிப் பத்திரிகை நடத்திய போட்டிக்கு அந்த எடையை அனுப்பியதில் 75 டாலர் மதிப்புள்ள பொருட்கள் பரிசாகக் கிடைத்தன. மீன் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? வீட்டுக்கு எடுத்துப்போய்க் குடும்பத்தோடு சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். பொருளாதாரப் பெருமந்தக் காலம் அது. பத்துக் கிலோ மீனை யாராவது பாடம் செய்து சுவரில் மாட்டுவார்களா?

அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. 2009 ஜூலை 2ஆம் தேதி ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா என்பவர் 10.12 கிலோ மீனைப் பிடித்தார். ஆனால் பழைய சாதனையைவிட 2 அவுன்ஸாவது கூடுதலாக இருக்கவேண்டும் என்பது விதி. அது இல்லாததால் இரண்டு பேரும் சேர்ந்து சாதனையாளர்கள்.

இந்தத் தொண்ணூறு சொச்சம் வருடங்களில் பாஸ் மீன் பிடிப்பதற்கென்று வந்த கருவிகளுக்கு அளவே இல்லை. ஒரு லட்சம் டாலரைத் தாண்டும் படகுகள்கூட இருக்கின்றன. அப்படியிருக்க, ஒரே ஒரு கோலோடு போன ஒரு விவசாயி எப்படி இன்னும் முதலிடத்தில் இருக்கிறார்? இந்தக் கேள்வியோடுதான் பாஸ் மீன்பிடிப்பின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். படித்தபோது கிடைத்தது வேறு ஒரு கதை.

முதலில் மீனைப் பற்றி

அமெரிக்கர்கள் பாஸ் என்று கொண்டாடும் லார்ஜ்மவுத் பாஸ் உண்மையில் பாஸ் இனமே இல்லை! சன்ஃபிஷ் என்ற நன்னீர் மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. பெயரே சொல்வதுபோல வாய் பெரியது. விழுந்த மரம், நீர்த்தாவரங்கள், படகுத்துறைக் கால்கள் ஆகியவற்றின் நிழலில் பதுங்கியிருக்கும். இரை பக்கத்தில் வந்ததும் வாயைப் படாரென்று திறக்கும். தண்ணீரோடு சேர்ந்து இரையும் உள்ளே போய்விடும். பிடிக்கவில்லை என்றால் அதே வேகத்தில் துப்பியும் விடும்.

இந்த இரண்டு குணங்களையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, மறைவில் பதுங்குவது. இன்னொன்று, உறிஞ்சித் துப்புவது. பாஸ் பிடிக்கும் கருவிகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டுக்கும் மனிதன் தேடிய பதில்தான்.

கென்டக்கியின் கடிகாரக்காரர்கள்

பதுங்கியிருக்கும் மீனின் அருகில் போனால் அது ஓடிவிடும். எனவே தள்ளி நின்று, மறைவுக்குப் பக்கத்தில் இரை விழும்படி வீசவேண்டும். நூலை அவிழ்க்கவும் சுற்றவும் நல்ல ரீல் தேவை.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கி மாநிலத்தின் பாரிஸ் என்ற சிற்றூரில் (பிரான்ஸ் பாரிஸ் இல்லை!) ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக்காரர் இருந்தார். கடிகாரத்துக்குப் பல்சக்கரம் வெட்டும் அதே கையால் தனக்கென்று ஒரு ரீல் செய்தார். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் நூல் சுற்றும் உருளை பல சுற்று சுற்றும். இப்படிப்பட்ட ரீல்கள் இங்கிலாந்தில் ஏற்கனவே இருந்தன. ஆனால் கடிகார நுணுக்கத்தோடு, வீசும்போது தடையில்லாமல் சுழலும்படி அதைச் செய்தவர்கள் கென்டக்கிக்காரர்கள். ஸ்னைடருக்குப் பிறகு ஃபிராங்க்ஃபோர்ட் நகரத்தின் மீக் சகோதரர்கள், அவர்களிடம் தொழில் கற்ற மைலம் என்று ஒரு பரம்பரையே வந்தது. மீக் சகோதரர்களும் கடிகாரம், நகை செய்கிறவர்கள்தான்.

ஆனால் இதில் ஒரு சிக்கல். ஒவ்வொரு ரீலும் கையால் செய்யப்பட்டது. எனவே அது வசதியுள்ளவர்களின் பொருளாகவே இருந்தது. இன்னொரு சிக்கல் நிஜமாகவே நூல் சிக்கல்! இரை தண்ணீரில் விழுந்து நின்ற பிறகும் உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். சரியான நொடியில் கட்டைவிரலால் அழுத்தி நிறுத்தாவிட்டால் நூல் பறவைக்கூடு மாதிரி சுருண்டுவிடும். அந்தக் கட்டைவிரல் பழக்கம் வருவதற்கு நிறைய நேரம் வேண்டும். நாள் முழுவதும் வயலில் நிற்பவனுக்கு அது ஏது?

தேனீக்காரரும் சமையலறைப் புழுவும்

ரீலைப் போலவே போலி இரையின் கதையும் சாதாரண மனிதர்களிடமிருந்துதான் தொடங்குகிறது. மிச்சிகன் மாநிலத்தின் டவாஜியாக் ஊரில் ஜேம்ஸ் ஹெடன் என்ற தேனீ வளர்ப்பவர் இருந்தார். நண்பருக்காகக் காத்திருந்தபோது பொழுதுபோகாமல் கத்தியால் ஒரு குச்சியைச் சீவி, அதைக் குளத்தில் எறிந்தாராம். பாஸ் ஒன்று பாய்ந்து வந்து அதை அடித்ததாம். கதை எவ்வளவு உண்மையோ, 1900களின் தொடக்கத்திலேயே அவருடைய கம்பெனியின் மர இரைகள் கடைகளுக்கு வந்துவிட்டன. பெர்ரி வீசியதும் இந்த வகையில் வேறொரு கம்பெனி செய்த போலி மீன்தான்.

மர இரையில் ஒரு குறை உண்டு. பாஸ் உறிஞ்சியதும் அது கட்டை என்று தெரிந்துவிடும். உடனே துப்பிவிடும். இதற்குப் பதில் சொன்னவர் ஒஹையோவின் ஆக்ரன் நகரத்து இயந்திரத் தொழிலாளி நிக் கிரீம். 1949இல் தன் வீட்டுச் சமையலறையில் வினைல் பிளாஸ்டிக்கைக் காய்ச்சி, நிஜ மண்புழுவிலிருந்து எடுத்த அச்சில் ஊற்றி மெத்தென்ற புழு செய்தார். வாய்க்குள் போனால் உயிருள்ள புழு போலவே இருக்கும். மீன் சற்றுக் கூடுதல் நேரம் வைத்திருக்கும். தூண்டில் போடுபவருக்கு அந்த ஓரிரு நொடி போதும். இன்றும் பாஸ் பிடிப்பவர்களின் பெட்டியில் பிளாஸ்டிக் புழு இல்லாமல் இருக்காது.

நூலும் இதே காலத்தில் மாறியது. முன்பெல்லாம் பட்டு நூல். ஒவ்வொரு முறையும் காயவைக்காவிட்டால் மக்கிப்போகும். 1938இல் டூபான்ட் கம்பெனி நைலானை அறிவித்தது. அதிலிருந்து நாம் நரம்பு என்று சொல்லும் ஒற்றை இழை நூல் வந்தது. காயவைக்கும் வேலை ஒழிந்தது.

வெடிகுண்டு கம்பெனியின் ரீல்

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஓக்லஹோமாவின் டல்சா நகரத்தில் ஜீரோ ஹவர் பாம் கம்பெனி என்று ஒன்று இருந்தது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். எண்ணெய்க் கிணறுகளுக்குள் வெடிக்க வைக்கும் டைம் பாம் செய்யும் கம்பெனி. காப்புரிமை முடியும் காலம் நெருங்கியதால் வேறு பொருள் தேடிக்கொண்டிருந்தார்கள். 1947இல் டெக்சாஸிலிருந்து ஆர்.டி. ஹல் என்பவர் ஒரு ரீல் மாதிரியோடு வந்து நின்றார். அவர் தொழில் என்ன தெரியுமா? கடிகாரம் பழுது பார்ப்பது!

ரீலில் நூல் சிக்கி அலுத்துப்போயிருந்த அவர், ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுவதைப் பார்த்தாராம். நூல்கண்டு சுழலவே இல்லை. அசையாமல் இருக்கிறது. நூல் மட்டும் அதன் முனை வழியாக வழுக்கிக்கொண்டு வருகிறது. சுழலாத கண்டில் சிக்கு ஏது? (இங்கிலாந்தில் இல்லிங்வொர்த் என்ற ஆலை முதலாளி இதே தத்துவத்தில் 1905லேயே ரீல் செய்திருந்தார். அவருக்கு வழிகாட்டியது நெசவாலையின் நூல்கண்டு.) ஹல் செய்தது, அந்தக் கண்டை ஒரு மூடிக்குள் வைத்து, பின்னால் ஒரு பொத்தானைப் பொருத்தியது. பொத்தானை அழுத்து, வீசும்போது விடு, கைப்பிடியைச் சுற்று. அவ்வளவுதான். ஐந்து வயதுக் குழந்தைகூடச் செய்யலாம்.

1949இல் ரீல் விற்பனைக்கு வந்தது. 1954இல் வந்த 33 என்ற மாடல் பெரும் புகழ் பெற்றது. பிறகு ஒரு வேடிக்கை நடந்ததாகச் சொல்வார்கள். ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு ஒரு ரீலைப் பரிசாக அனுப்பினார்களாம். பார்சல் மேலே வெடிகுண்டு கம்பெனி என்று போட்டிருந்ததால் பாதுகாப்புக்காரர்கள் அதைத் தண்ணீரில் முக்கிவிட்டார்களாம் :-) எப்படியோ, 1956இல் கம்பெனி தன் நீளமான பெயரைச் சுருக்கி ஜெப்கோ ஆனது.

ஒரு கடிகாரக்காரர் வசதியுள்ளவர்களின் ரீலைத் தொடங்கி வைத்தார். நூற்றுச் சொச்சம் வருடம் கழித்து இன்னொரு கடிகாரக்காரர் அதை எல்லோர் கையிலும் கொடுத்தார். ஹல்லின் ரீல் ஸ்னைடரின் ரீலைவிடச் சிறந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். குறிபார்த்து வீசுவதற்கு இன்றும் பழைய வகைதான் மேல். ஆனால் அதிகம் பேரைத் தண்ணீர்க் கரைக்கு அழைத்து வந்தது எது என்று கேட்டால் பதில் வேறு.

அணைகள்

ரீல் வந்தது சரி, மீனுக்கு எங்கே போவது? 1933இல் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் உருவானது. 1936இல் அதன் முதல் அணையான நாரிஸ் அணை முடிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தென் மாநிலங்கள் முழுவதும் அணைகள். வெள்ளத்தடுப்பும் மின்சாரமும்தான் நோக்கம். நாரிஸ் அணைக்காக மட்டும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தங்கள் வீட்டையும் நிலத்தையும் விட்டுப் போனார்கள். அந்த நிலங்களின் மேல் நின்ற தண்ணீரில் பாஸ் பெருகியது. புதிதாக மூழ்கிய மண்ணின் சத்து, மூழ்கிய மரங்களின் மறைவு இரண்டும் அதற்குக் கொண்டாட்டம். பாஸ் ஏழையின் வீட்டுக்கு அருகில் வந்தது. ஆனால் வேறு ஏழைகளின் வீட்டின் மேல் வந்தது.

மூழ்கிய மரக்கிளைகளில் தூண்டில் முள் மாட்டிக்கொள்ளும் அல்லவா? அதற்கு வந்த பதில்தான் டெக்சாஸ் ரிக். துப்பாக்கிக் குண்டு வடிவ ஈயத்தை நூலில் கோர்த்து, முள்ளைப் பிளாஸ்டிக் புழுவின் தலையில் நுழைத்து வெளியே எடுத்து, கூர்முனையை மறுபடி புழுவின் உடம்புக்குள்ளேயே மறைத்துவிடுவது. கிளைகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போகும். மீன் கடித்து நாம் சுண்டி இழுத்தால்தான் முனை வெளியே வரும். செலவு என்று பார்த்தால் ஒரு முள், ஒரு ஈயம், ஒரு புழு.

மறுபடியும் விலை ஏறிய கதை

1967 ஜூனில் அலபாமாவைச் சேர்ந்த ரே ஸ்காட் என்ற இன்சூரன்ஸ் விற்பனையாளர் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் (அதுவும் அணைத்தேக்கம்தான்) ஒரு போட்டி நடத்தினார். தலைக்கு 100 டாலர் கட்டி 106 பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டே பாஸ் பிடிப்பவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். பரிசுப் பணம், பத்திரிகை, தொலைக்காட்சி எல்லாம் வந்தன. கூடவே வேகப் படகும் மின்னணுக் கருவிகளும் வந்தன. 1972இல் அவர் தொடங்கிய நல்ல காரியம் ஒன்று, பிடித்த மீனை உயிரோடு திரும்ப விடும் பழக்கம். (அதே பாஸ் 1925இல் கொண்டுபோய் விடப்பட்ட ஜப்பானில் கதை தலைகீழ். உள்ளூர் மீன்களைத் தின்று தீர்ப்பதால் பிவா ஏரியில் பிடித்த பாஸை 2003 முதல் திரும்ப விடக்கூடாது!)

இன்று நீருக்கடியில் மீன் நகர்வதை நேரலையாகத் திரையில் காட்டும் சோனார்கள் உள்ளன. இது விளையாட்டா, வீடியோ கேமா என்று சண்டை வந்து, 2025இல் சில போட்டி அமைப்புகள் அவற்றுக்குக் கட்டுப்பாடுகளும் கொண்டுவந்தன. மீனைத் தேடும் திறமையையே கருவி எடுத்துக்கொண்டால் மனிதனுக்கு என்ன மிச்சம் என்பதுதான் சண்டையின் சாரம்.

கடைசியாக...

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். பெர்ரிக்கு அதிர்ஷ்டம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அவர் அந்த ஏரியை அறிந்தவர். பெரிய மீன் எங்கே பதுங்கும் என்று தெரிந்து அங்கே வீசினார். அதை எந்தக் கடையிலும் விற்பதில்லை. தொடங்குகிற ஒருவருக்கு இன்றும் ஒரு சாதாரணக் கோல், பொத்தான் ரீல், நைலான் நரம்பு, சில முள், சில பிளாஸ்டிக் புழு போதும். விழுந்த மரத்தை ஒட்டி வீசி, மெதுவாக இழுத்து, பொறுமையாக இருக்கவேண்டும்.

இந்த வரலாற்றில் எனக்குத் தெரிந்தது இதுதான். நல்ல கருவிகளைச் செய்தவர்கள் கடிகாரக்காரர், தேனீக்காரர், இயந்திரத் தொழிலாளி. அவர்கள் யாரும் மீன்பிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் அல்ல. தங்களுக்கு இருந்த ஒரு சிறு தொல்லையைத் தீர்க்க, தங்களுக்குத் தெரிந்த தொழிலை எடுத்து வந்தார்கள். ஒரு பொருளைச் சிறப்பாகச் செய்வதும் பெரிய காரியம்தான். அதை எல்லோருக்கும் எட்டும்படி செய்வது அதைவிடப் பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெர்ரி 1974இல் விமான விபத்தில் இறந்தார். அவர் மீன் பிடித்த ஏரியும் வண்டல் நிறைந்து பெரும்பாலும் தூர்ந்துவிட்டது. 22 பவுண்டு 4 அவுன்ஸ் மட்டும் அப்படியே நிற்கிறது.